அழையாமல் வந்த தேடல் பக்கம்

போர்ட் பிளேரில் ஷாதிபூர் ஏற்றத்தில், பள்ளிவாசல் சந்து பிரிகிற இடத்தில் மெஹருன்னிசாவின் கடை இருக்கிறது. பலகையில் நீளமாக ஏதோ பெயர் எழுதியிருக்கும். அதை யாரும் சொல்வதில்லை. தமிழர்களுக்கு அது மெஹரக்கா கடை. வங்காளிகளுக்கும் தெலுங்கர்களுக்கும் தீதீ கா துகான், அதாவது அதே அக்கா கடைதான். கப்பல் டிக்கெட், விமான டிக்கெட், தீவுவாசி என்று காட்டும் ஐலண்டர் கார்டு, பரீட்சை விண்ணப்பம், பாஸ்போர்ட் போட்டோ, லேமினேஷன் என்று ஒரு மனிதன் அரசாங்கத்தின் கண்ணுக்கு மனிதனாகத் தெரிய என்னென்ன வேண்டுமோ, அத்தனையும் அங்கே ஒரே ஒரு கம்ப்யூட்டர் வழியாக நடக்கும்.

அவளுடைய வாப்பா மீரான் ராமநாதபுரம் பக்கத்திலிருந்து இளவயதில் கப்பலேறி வந்து குடையும் டார்ச் லைட்டும் விற்றவர். கடையின் முன்பாதியை மகளுக்குத் தடுத்துக் கொடுத்துவிட்டுப் பின்பாதியில் இன்றும் குடை விற்கிறார். கணவர் சுஹைபுக்குத் தீவுகளுக்கு நடுவே ஓடும் கப்பலில் இன்ஜின் அறை வேலை. மாதத்தில் பாதி நாள் கடலில். மெஹருன்னிசா கல்யாணத்துக்கு முன்னால் ஃபீனிக்ஸ் பேயில் ஒரு கப்பல் ஏஜென்ட்டிடம் டைப் அடித்துக்கொண்டிருந்தவள். அவளுக்குக் கை வேகம். கப்பல் டிக்கெட் திறக்கிற நாளில் துறைமுக ஜெட்டியில் வரிசை நகர்வதற்குள் அவள் நாலு குடும்பத்துக்கு இடம் பிடித்துவிடுவாள். அந்த வேகத்தை நம்பித்தான் ஜனங்கள் டெலானிபூரிலிருந்துகூட இறங்கி வந்தார்கள். அவளுக்கும் அதில் ஒரு பெருமை உண்டு.

சென்னையிலிருந்து கடலுக்கடியில் கேபிள் வருவதற்கு முன்னால் அந்தமானில் இன்டர்நெட் என்பது கெஞ்சிக் கூத்தாடி வரவழைக்கிற விஷயம். ஒரு பக்கம் திறப்பதற்குள் டீ குடித்துவிட்டு வரலாம். அப்போதெல்லாம் யாரும் தேவையில்லாத எதையும் டவுன்லோட் செய்ததில்லை, செய்யவும் முடியாது. கேபிள் வந்த பிறகு எல்லாம் கண்மூடித் திறப்பதற்குள் வந்து இறங்கியது. வெள்ளம் வந்தால் மீன் மட்டுமா வரும்? பாம்பும் சேர்ந்துதான் வரும்.

அந்த வருஷம் செப்டம்பரில் மழை விடாமல் பிடித்துக்கொண்டது. கடல் கொந்தளிப்பு என்று படகுகளை நிறுத்தினார்கள். மேகம் தாழ்ந்திருக்கிறது என்று விமானங்களை ரத்து செய்தார்கள். அப்படிப்பட்ட ஒரு நாள் காலையில்தான் சரசு கடைக்குள் வந்தாள். புடவை முழங்கால் வரை நனைந்திருந்தது. போனைப் பிளாஸ்டிக் கவரில் சுற்றி மார்போடு அணைத்துப் பிடித்திருந்தாள்.

சரசு கச்சால் தீவுக்காரி. இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்து, கச்சால் ரப்பர் தோட்டத்தில் குடியேறிய குடும்பம். கணவர் ஆறுமுகம் அங்கே பால் வெட்டும் தொழிலாளி. அவருக்கு இருதயத்தில் வால்வு கெட்டுவிட்டது என்று சொல்லி, சென்னைக்குக் கொண்டுபோய் அறுவை செய்யும்படி இங்கே எழுதிக் கொடுத்திருந்தார்கள். கச்சாலிலிருந்து கப்பலில் வந்து டெலானிபூரில் தங்கை மருதாயி வீட்டில் இருந்தார்கள். மறுநாள் சென்னை ஆஸ்பத்திரியில் சேர வேண்டும். அன்றைக்குப் போக வேண்டிய விமானம் ரத்து என்று போனில் செய்தி வந்திருக்கிறது.

ஆறுமுகத்துக்கு ராத்திரி முழுக்க மூச்சு வாங்கியது, உட்கார்ந்தேதான் தூங்கினார் என்று சரசு சொன்னாள். இந்தத் தேதியை விட்டால் அடுத்த தேதி எப்போது கிடைக்கும் என்று யாருக்கும் தெரியாது. டிக்கெட் எடுத்துக் கொடுத்தது மெஹருன்னிசாதான். ஆகவே வேறு எங்கும் போகாமல் இங்கேதான் ஓடி வந்திருந்தாள்.

மெஹருன்னிசா அவளை ஸ்டூலில் உட்கார வைத்துவிட்டு, விமானக் கம்பெனியின் பெயரையும் 'கஸ்டமர் கேர்' என்பதையும் தட்டினாள். தேடல் பக்கம் திறந்தது. சில நாளாகவே அந்தப் பக்கம் கொஞ்சம் வேறு மாதிரி இருந்தது. வழக்கமான எழுத்து இல்லை, ஓரத்தில் ஒரு பூதக்கண்ணாடிப் படம். ஏதோ அப்டேட் ஆகியிருக்கும் என்று அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. முதல் வரியிலேயே கம்பெனியின் நிறத்தில், கம்பெனியின் பெயரோடு, கொட்டை எழுத்தில் ஒரு நம்பர் இருந்தது. அதற்கே போன் போட்டாள்.

முதல் மணியிலேயே எடுத்தார்கள். அப்போதே சந்தேகம் வந்திருக்க வேண்டும் என்று பின்னால் அவள் பலமுறை சொல்லியிருக்கிறாள். மழை நாளில், ரத்தான விமானத்துக்கு, முதல் மணியில் எந்தக் கம்பெனி போனை எடுக்கும்? ஆனால் பக்கத்தில் ஒருத்தி வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். உடனே எடுத்தது வரமாகத்தான் பட்டது.

இந்தியில் பேசியவன் பணிவாகப் பேசினான். போர்ட் பிளேர் ஏர்போர்ட் அலுவலகத்திலிருந்தே பேசுவதாகச் சொன்னான். நோயாளி என்றதும் ரொம்பவும் வருத்தப்பட்டான். நாளைக் காலை விமானத்தில் இரண்டு இடம் இருக்கிறது, இப்போதே போட்டுத் தருகிறேன், ஆனால் சர்வர் கோளாறு, உங்கள் கம்ப்யூட்டரில் எங்கள் உதவி ஆப் ஒன்றைப் போட்டால் நானே ஃபாரத்தை நிரப்பிவிடுவேன் என்றான். அவன் சொன்ன இடத்தில் அவள் அழுத்தினாள். திரையில் வந்த எண்களைப் படித்துச் சொன்னாள். மவுஸின் அம்பு தானாக நகரத் தொடங்கியது.

பாருங்க அக்கா, அவங்களே பண்றாங்க என்று சரசுவிடம் சொன்னாள். சரசு கையெடுத்துத் திரையைக் கும்பிட்டாள்.

ஒரு ஃபாரம் திறந்தது. பெயர், வயது, முகவரி எல்லாவற்றையும் அவன் கேட்கக் கேட்க இவள் சொன்னாள். பிறகு அவன் அதே பணிவோடு கேட்டான்.

"மேடம், உங்களுக்குப் பக்கத்து ரயில்வே ஸ்டேஷன் எது?"

மெஹருன்னிசாவின் கை அப்படியே நின்றது. இந்தத் தீவுகளில் ரயில் என்ற பேச்சே கிடையாது. மெயின்லேண்ட் போய் வந்த குழந்தைகள் ரயில் பார்த்த கதையை வகுப்பில் எழுந்து நின்று சொல்லும். போர்ட் பிளேரில் உட்கார்ந்திருக்கிற எவனும் இந்தக் கேள்வியைக் கேட்க மாட்டான்.

நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்டாள். போர்ட் பிளேர் ஏர்போர்ட்டில்தான் என்றான். அங்கே மழை எப்படி என்று கேட்டாள். ஒரு நொடி தயங்கி, மழையெல்லாம் இல்லை, நல்ல வெயில், விமானம் கட்டாயம் போகும் என்றான். கடையின் தகரக் கூரையில் மழை கொட்டுகிற சத்தத்தில் அவன் பேசுவதே சரியாகக் கேட்கவில்லை.

அப்போதுதான் அவள் திரையைப் பார்த்தாள். அவன் பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருக்க, ஃபாரத்துக்குப் பின்னால் அம்பு வேறு ஒரு வேலை பார்த்துக்கொண்டிருந்தது. அவள் வாடிக்கையாளர்களின் ஆதார் நகல்கள் வைத்திருக்கிற இடத்தை அது திறந்திருந்தது. ஒவ்வொன்றாக மேலிருந்து கீழே இறங்கிக்கொண்டிருந்தது. ஷாதிபூரின் பாதி முகங்கள் அதில் இருந்தன.

அவள் மவுஸைத் தொடவில்லை. மேஜைக்கடியில் குனிந்து, நெட் ஒயரைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தாள். முனையிலிருந்த கிளிப் உடைந்து ஒயர் கையோடு வந்தது. அப்புறம் கரண்ட் சுவிட்சையும் அணைத்தாள்.

கறுத்துப்போன திரையைப் பார்த்துச் சரசு பதறிவிட்டாள். டிக்கெட் போச்சா தங்கச்சி, டிக்கெட் போச்சா என்று அதையே திரும்பத் திரும்பக் கேட்டாள். மெஹருன்னிசா அவள் பக்கம் திரும்பினாள். முதலில் கேட்டது ஒன்றுதான்.

"அக்கா, வங்கி கார்டு நம்பர் ஏதாவது அவன்கிட்ட சொன்னீங்களா? உங்க போனுக்கு வந்த எண்ணு ஏதாவது?"

இல்லை என்று சரசு தலையாட்டினாள். கார்டு மருதாயி வீட்டில்தான் இருந்தது. அதைக் கேட்பதற்குள் ரயில் வந்து காப்பாற்றிவிட்டது.

மெஹருன்னிசாவின் போன் அடித்தது. அவன்தான். எடுக்கவில்லை. மறுபடி அடித்தது. வேறு நம்பரிலிருந்து அடித்தது. பிறகு செய்தியாக வந்தது: இன்னும் பத்து நிமிஷத்தில் பேசாவிட்டால் நோயாளியின் டிக்கெட் நிரந்தரமாக ரத்து. சரசு அதை எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, பேசிடு தாயி, ஒருவேளை நிசமாவே கம்பெனிக்காரனா இருந்தா என்றாள். பின்பாதியிலிருந்து மீரான் எழுந்து வந்து நின்றார்.

அவள் பழைய டிக்கெட்டின் அச்சுப்படியைக் கேட்டாள். சரசு ஜாக்கெட்டுக்குள்ளிருந்து நாலாக மடித்த தாளை எடுத்துக் கொடுத்தாள். தாளின் அடியில் பொடி எழுத்தில் கம்பெனியின் நம்பர் இருந்தது. திரையில் பார்த்த நம்பருக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. வாப்பாவின் போனை வாங்கி அந்தப் பொடி எழுத்து நம்பரை அழுத்தினாள். பாட்டு ஓடியது. நெடுநேரம் ஓடியது. யாரோ எடுத்து, பெயர் கேட்டு, உடனே லைன் அறுந்தது. மறுபடி பாட்டு. இரண்டு பேரும் அந்தப் பாட்டைக் கேட்டுக்கொண்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார்கள். மெஹருன்னிசாவின் போன் மேஜையில் அதிர்ந்துகொண்டே இருந்தது.

கடைசியில் ஒரு பெண் எடுத்தாள். அலுத்துப்போன குரல். ஒரு ஆப்பும் போடச் சொல்லவில்லை, ஸ்டேஷனும் கேட்கவில்லை. டிக்கெட் எண்ணை மட்டும் வாங்கிக்கொண்டு, நாளை இரண்டாவது விமானத்தில் மாற்றியிருக்கிறேன், சக்கர நாற்காலி வேண்டுமா என்றாள். பேசி முடிப்பதற்குள் சரசுவின் போனில் புது டிக்கெட் வந்துவிட்டது. முதலில் ரத்துச் செய்தி எந்தப் பெயரிலிருந்து வந்ததோ, அதே பெயரிலிருந்து அதுவும் வந்திருந்தது.

சரசு அழவில்லை. டீ வாங்கித் தரச் சொல்லிக் கேட்டாள். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை என்றாள்.

அவளை ஆட்டோவில் ஏற்றி அனுப்பிவிட்டு மெஹருன்னிசா ஷட்டரைப் பாதி இறக்கினாள். பிரேமுக்குப் போன் போட்டாள். பிரேம் கம்ப்யூட்டர் மெக்கானிக். ஹேவ்லாக் தீவில் ஒரு ரிசார்ட்டுக்கு வேலைக்குப் போனவன், படகு நின்றதால் அங்கேயே மாட்டிக்கொண்டிருந்தான். வர முடியாது, போனில் சொல்கிறேன் மெஹர் தீதீ, நெட் ஒயரை மட்டும் மாட்டிவிடாதீர்கள் என்றான். அவளுடைய கேள்வியெல்லாம் ஒன்றுதான். அந்த மோசடிக்காரன் எப்படி உள்ளே வந்தான்? அவள் கூப்பிட்டதனால்தான் வந்தான். சரி, அந்த நம்பரை அவளிடம் காட்டியது யார்?

உங்கள் தேடல் பக்கத்தின் பெயரைப் படியுங்கள் என்றான் பிரேம். நெட் இல்லாமலே உலாவியைத் திறந்து மேலே இருந்த முகவரியைப் படித்தாள். அவள் இதுவரை கேள்விப்படாத பெயர். அதைக் கேட்டதும் பிரேம், தீதீ, உங்கள் உலாவியை எவனோ கடத்தியிருக்கிறான், நீங்கள் எங்கே போக நினைத்தாலும் அவன் விரும்புகிற தெருவழியாகத்தான் கொண்டுபோய் விடுவான் என்றான்.

கம்ப்யூட்டரில் போட்டிருக்கிற புரோகிராம்களைப் போட்ட தேதி வாரியாக அடுக்கிப் பார்க்கச் சொன்னான். அன்றைக்கு வந்த உதவி ஆப் மேலே இருந்தது. அதற்குக் கீழே, ஒரே நாளில் மூன்று பெயர்கள் ஒட்டிப் பிறந்த மாதிரி நின்றன. ஒன்று தமிழ் எழுத்து மாற்றி. ஒன்று தேடல் உதவியாளர். ஒன்று கம்ப்யூட்டர் வேகமாக்கி.

எழுத்து மாற்றியைப் பார்த்ததும் அவளுக்கு நினைவு வந்தது. கோயில் கமிட்டி அங்கம்மா மதுரையிலிருந்து வந்த திருவிழா நோட்டீஸ் ஃபைலைக் கொண்டுவந்திருந்தாள். பழைய எழுத்துரு, திறந்தால் கோழி கிறுக்கியது போலத் தெரிந்தது. மாலைக்குள் அச்சடிக்க வேண்டும் என்றாள். இவள் இலவசமாக மாற்றித் தரும் ஒன்றைத் தேடி, பச்சை நிறத்தில் பெரிதாக இருந்த பொத்தானை அழுத்தினாள். பிறகு நெக்ஸ்ட், நெக்ஸ்ட், நெக்ஸ்ட். இடையில் சின்னச் சின்னக் கட்டங்களில் ஏற்கெனவே டிக் போட்டிருந்தது. எதையும் படிக்கவில்லை. விருந்தாளியாக ஒருவனைக் கூப்பிட, அவன் பின்னாலேயே கூட இரண்டு பேர் நுழைந்து அடுப்பங்கரையில் உட்கார்ந்துகொண்டார்கள். நோட்டீஸ் நன்றாகவே வந்தது. அங்கம்மா பொங்கலும் கொண்டுவந்து கொடுத்தாள்.

நான்கையும் நீக்கினாள். வேகமாக்கி போகும்போது, போக வேண்டாம் என்று சொல்ல வைப்பதற்காக இரண்டு முறை மாற்றி மாற்றிக் கேட்டது. இந்த முறை அவள் ஒவ்வொரு எழுத்தையும் படித்துவிட்டு அழுத்தினாள். பிறகு உலாவியில் ஒட்டிக்கொண்டிருந்த சின்ன இணைப்புகளைப் பார்த்தாள். அவள் வைக்காத ஒன்று அங்கே இருந்தது. நீங்கள் பார்க்கும் எல்லாத் தளங்களிலும் எல்லாவற்றையும் படிக்கவும் மாற்றவும் இதற்கு அனுமதி உண்டு என்று அதன் கீழே எழுதியிருந்தது. அதை நீக்கும் பொத்தான் வேலை செய்யவில்லை. உங்கள் உலாவி உங்கள் நிறுவனத்தால் நிர்வகிக்கப்படுகிறது என்று ஒரு வரி.

நிறுவனம் என்றால் நான்தானே என்று அவள் பிரேமிடம் சொன்னாள். அவன் சிரிக்கவில்லை. பூட்டுப் போட்டு வைத்திருக்கிறான் என்றான். அந்தப் பூட்டு எங்கே இருக்கும், எந்த வரியை அழிக்க வேண்டும், எதைத் தொட்டால் கம்ப்யூட்டரே எழுந்திருக்காது என்று நிதானமாகச் சொல்லிக்கொண்டு வந்தான். நடுவில் போன் அறுந்துவிட்டது. மழையில் ஹேவ்லாக் டவர் படுத்துவிட்டது. அவள் பாதி வழியில், ஒரு வரியின் மேல் அம்பை வைத்துக்கொண்டு, அதுதான் இதுவா என்று தெரியாமல் மூச்சைப் பிடித்து உட்கார்ந்திருந்தாள். அழுத்தவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக அவள் கை அவசரப்படாமல் நின்றது. லைன் திரும்பக் கிடைத்தபோது அவள் படித்துக் காட்டினாள். அது இல்லை தீதீ, அதற்கு மேலே இருப்பது என்றான்.

பூட்டு கழன்றது. இணைப்பும் போனது. உலாவியைப் பழைய நிலைக்குத் திருப்பினாள். கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டுத் திறந்தால், மேலே அதே முகவரி எட்டிப் பார்த்தது.

அவளுக்கு அழுகை வந்தது. வாப்பா பின்னாலிருந்து, வேணாம்மா, தூக்கிப் போட்டுட்டு வேற வாங்கலாம் என்றார். அவள் பதில் சொல்லாமல் திரையையே பார்த்தாள். உலாவியைத் திறக்கிற சின்னத்தின் மேல் வைத்து, அதன் விவரத்தைத் திறந்தாள். உலாவியின் பாதைக்குப் பின்னால், ஒரு இடைவெளி விட்டு, அந்தப் பெயர் வாலாகத் தொங்கிக்கொண்டிருந்தது. சின்னத்தைச் சொடுக்கும் ஒவ்வொரு முறையும் அந்தப் பக்கத்துக்குப் போ என்று அதில் எழுதி வைத்திருக்கிறான். வாலை அறுத்தாள். குறித்த நேரத்தில் தானாக ஓடும் வேலைகளுக்கு நடுவில் வேகமாக்கியின் பெயரில் ஒன்று ஒளிந்திருந்தது, தூங்கி எழும்போதெல்லாம் வாலை மறுபடி ஒட்ட வைப்பது அதுதான். பிரேம் இடம் சொல்ல, அதையும் எடுத்தாள். அணைத்துத் திறந்தாள். வெள்ளைப் பக்கம். இரண்டாம் முறை அணைத்துத் திறந்தாள். வெள்ளைப் பக்கமேதான். மெஹருன்னிசாவின் அண்ணன் மகள் இர்பானா ஒரு அரசாங்க அலுவலகத்தில் வேலை பார்க்கிறவள். அவள் அங்கிருந்த சுத்தமான கம்ப்யூட்டரிலிருந்து வைரஸ் தேடும் மென்பொருளை அதன் சொந்தத் தளத்திலேயே இறக்கி, பென் டிரைவில் கொண்டுவந்து கொடுத்தாள். அது ஓடி, மிச்சம் மீதி இரண்டையும் பொறுக்கி எடுத்தது.

முடிந்தது என்றான் பிரேம். கூடவே தணிந்த குரலில் இன்னொன்றும் சொன்னான். இதை யாரிடமும் சொல்லிக்கொண்டிருக்காதீர்கள், பெயர் கெட்டால் ஒருத்தன் கடைப் பக்கம் வர மாட்டான், பாஸ்வேர்டை மட்டும் மாற்றிவிடுங்கள் என்றான். அவன் கெட்டவன் இல்லை. அவள் பிழைப்பை நினைத்துத்தான் சொன்னான்.

மெஹருன்னிசா போனை வைத்தாள். எல்லாத் தளங்களிலும் எல்லாவற்றையும் படிக்க அனுமதி. அங்கம்மா வந்த நாளிலிருந்து இன்று காலை வரை அந்த விசைப்பலகையில் எத்தனை பேர் தங்கள் பாஸ்வேர்டைத் தட்டியிருப்பார்கள்? அந்தப் பக்கம் காட்டிய நம்பரை எத்தனை பேர் குறித்துக்கொண்டு போயிருப்பார்கள்? சுஹைபிடம் கேட்கலாம் என்றால் கப்பல் எங்கேயோ நான்கவுரித் தீவுப் பக்கம், சிக்னல் இல்லை. கேட்டாலும் மச்சான் என்ன சொல்லுவார் என்பது அவளுக்குத் தெரியும். இன்ஜினில் எண்ணெய் ஒழுகியதை மேலே சொல்லாமல் துணியை வைத்து அடைத்த ஒருவனோடு சண்டை போட்டு, அந்தக் கப்பலையே விட்டு இறங்கியவர் அவர்.

தன் போனில் டிக்கெட் அனுப்பிய பெயர்களை ஒவ்வொன்றாகத் தேடி அழைக்கத் தொடங்கினாள். என் கம்ப்யூட்டரில் கோளாறு இருந்தது, தப்பு என்மேல், உங்கள் பாஸ்வேர்டை வேறு போனிலிருந்து மாற்றிவிடுங்கள், என் கடையில் பார்த்த எந்த நம்பருக்கும் போன் பண்ணாதீர்கள். சிலர் சரி என்றார்கள். சிலருக்குப் புரியவே இல்லை. உமா மகேஸ்வரி டீச்சர், இனிமேல் பிள்ளைகளை உன் கடைக்கு எப்படி அனுப்புவது என்று நேராகவே கேட்டார்.

விஜயராஜ் மட்டும் ஒன்றும் பேசவில்லை. ஃபீனிக்ஸ் பேயில் அரசாங்க ஸ்டோரில் வேலை பார்க்கிறவர், ஓய்வுக்கு நெருங்கியவர். முந்தாநாள் கேஸ் ஏஜென்சி நம்பர் தேடித் தரச் சொல்லிக் கடைக்கு வந்திருந்தார்.

"அண்ணே, லைன்ல இருக்கீங்களா?"

"அந்த நம்பருக்குப் பேசினேம்மா" என்றார். "கேஸ் கணக்கைப் புதுப்பிக்கணும்னு ஒரு ஆப் போடச் சொன்னான். போட்டேன். பேங்க் பேரையும் கேட்டான். சர்வர் இல்ல, நாளைக்கு முடிச்சுத் தாறேன்னான். போன் சும்மா கெடக்கும்போதே சூடாவுது. நானும் பழைய போனு, அப்படித்தான்னு விட்டுட்டேன்."

போனை ஃபிளைட் மோடுக்கு மாற்றுங்கள், அணைக்காமல் அப்படியே எடுத்துக்கொண்டு வாருங்கள், வங்கிக் கார்டும் வேண்டும் என்றாள். அவர் மழையிலேயே ஸ்கூட்டரில் வந்தார். சட்டைப் பையில் போனை வைக்காமல், தேளைப் பிடித்த மாதிரி இரண்டு விரலில் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தார்.

அவள் அந்த ஆப்பை நீக்கினாள். அது போக மறுத்தது. கொடுத்திருந்த அனுமதிகளை முதலில் பறித்து, பிறகு நீக்கினாள். கார்டின் பின்பக்கம் அச்சடித்திருந்த வங்கி நம்பருக்கு வாப்பாவின் போனிலிருந்து பேசச் சொல்லி அவர் கையில் கொடுத்தாள். வங்கிக்காரர் கணக்கை நிறுத்தி வைத்துவிட்டுச் சொன்னதைக் கேட்டபோது விஜயராஜ் மெல்ல ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். அன்று காலையில்தான் யாரோ அவர் கணக்கில் பணம் பெறுபவராகப் புதிதாக ஒரு பெயரைச் சேர்த்திருக்கிறார்கள். புதிய பெயருக்குப் பெரிய தொகை போவதற்குக் கொஞ்ச நேரம் பொறுக்க வேண்டும் என்பது அந்த வங்கியின் விதி. அந்தப் பொறுக்கிற நேரம் இன்னும் முடியவில்லை. பிறகு சைபர் குற்றங்களுக்கான 1930க்கும் பேசிப் புகாரைப் பதிந்தார்கள்.

எல்லாம் முடிந்தபோது வெளியே இருட்டிவிட்டது. அங்கே ஐந்தரை மணிக்கே இருட்டிவிடும். விஜயராஜ் எழுந்தார். நன்றி சொல்லுவார் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. ஆனால் அவர் சொன்னதையும் அவள் எதிர்பார்க்கவில்லை.

"தெருவுல போறவன் கொடுத்த நம்பரா இருந்தா நான் ரெண்டு தடவை யோசிச்சிருப்பேன். உன் கடையில பாத்ததாலதாம்மா யோசிக்கல."

அவர் போன பிறகும் அவள் ஷட்டரை இறக்காமல் மழையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். மீரான் டீயைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தார். அது ஆறிப் போனது.

மறுநாள் மேகம் விலகியது. ஆறுமுகத்தைச் சக்கர நாற்காலியில் ஏற்றிக்கொண்டு போகிற படத்தைச் சரசு அனுப்பியிருந்தாள். அடுத்த வாரம் வால்வு மாற்றினார்கள். ஆஸ்பத்திரியில் கொஞ்ச நாள் இழுத்தது. பிறகு தேறி, கச்சாலுக்குக் கப்பல் ஏறினார். வெயிலில் வேலை செய்யக் கூடாது என்று சொல்லிவிட்டதால் இப்போது தோட்டத்தில் நாற்றங்காலைப் பார்த்துக்கொள்கிறார்.

கடைக்குக் கூட்டம் குறைந்தது. தீதீ கம்ப்யூட்டருக்கு நோய் என்று ஒரு பேச்சு ஷாதிபூரில் சுற்றியது. அவள் மறுத்து யாரிடமும் வாதாடவில்லை. ஆதார் நகல்கள் எல்லாவற்றையும் அழித்தாள், அச்சடித்த கையோடு அழிப்பது வழக்கமாகிவிட்டது. கம்ப்யூட்டரில் வாடிக்கையாளர்களுக்கு என்று தனிக் கணக்கு வைத்தாள், அதில் யாராலும் எதையும் புதிதாகப் போட முடியாது. அவளாலும் முடியாது. வேண்டுமென்றால் வேறு பாஸ்வேர்டு கொடுத்து உள்ளே போக வேண்டும். அந்தப் பாஸ்வேர்டை வேண்டுமென்றே நீளமாக வைத்தாள். தட்டி முடிப்பதற்குள் ஒரு முறை யோசிக்க நேரம் கிடைக்கும் அல்லவா? நம்பர் வேண்டும் என்று வருபவர்களிடம் பில்லைக் கொண்டுவா, கார்டைக் கொண்டுவா, அதில் இருப்பதைத்தான் தருவேன் என்றாள். டிக்கெட் திறக்கிற நாளில் இப்போது அவள்தான் முதல் ஆள் என்று சொல்ல முடியாது. அதனால் இரண்டு பேர் கோபித்துக்கொண்டு வேறு கடைக்குப் போனார்கள்.

விஜயராஜ் அந்தத் தெருவிலேயே தலைகாட்டவில்லை. பொங்கல் கழிந்து ஒரு நாள் மதியம் வந்தார். ஓய்வு பெற்றுவிட்டதாகச் சொன்னார். சுற்றி வளைத்து மழை, மீன் விலை, மகன் வேலை என்று பேசினார். பிறகு போனை எடுத்து அவள் முன்னால் வைத்தார். பென்ஷன் ஆரம்பமாகிவிட்டது என்று ஒரு செய்தி வந்திருந்தது. காலையிலிருந்து அதைத் தொடாமல் வைத்திருந்தாராம். மகனிடம் காட்டினால் திட்டுவான் என்றார்.

"இது நெசமா, பொய்யா? நீ பாத்துச் சொல்லும்மா."

மெஹருன்னிசா அனுப்பியவரின் பெயரைப் பார்த்தாள். செய்தியில் அழுத்தச் சொல்லி எந்த இணைப்பும் இல்லை. அவருடைய வங்கிப் புத்தகத்தைக் கேட்டு வாங்கி, கடைசி எண்களை ஒப்பிட்டாள். அவசரப்படாமல் இன்னொரு முறையும் படித்தாள்.

"நெசம்தான் அண்ணே" என்றாள். "வந்துடுச்சு."

அவர் போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, கொஞ்ச நேரம் ஸ்டூலிலேயே உட்கார்ந்திருந்தார்.